டெபியன் 12-இல் எம்பிவி 0.40: மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யும் முறையும் சிக்கும் இடங்களும்

உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. டெபியன் 12 களஞ்சியம் தரும் எம்பிவி காணொளி பிளேயரின் 0.35.1 பதிப்பு போதவில்லை, 0.40 வேண்டும். ஆனால் மூலநிரலை இறக்கி, கம்பைலுக்குமுன் கட்டமைப்பைத் தயார் செய்யும் மீசன் என்ற கருவியை ஓட்டினால், லிப்பிளாசிபோ என்ற லைப்ரரி பழையது என்று சொல்லி நின்றுவிடுகிறது. அதற்கு முன்பு 0.36-ஐ முயன்றபோது கம்பைல் பிழையின்றி முடிந்தது. இருந்தும் படம் ஓடும்போது திரையில் பட்டன்கள் வரவில்லை, யூடியூப் முகவரி கொடுத்தாலும் ஓடவில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், அது கம்பைலுக்கு முந்தைய கட்டமைப்புப் படியில் இருக்கிறது. கட்டாயச் சார்பு (நிரலுக்கு வேண்டிய வேறு லைப்ரரி) ஒன்று குறைந்தால் மீசன் நின்று சொல்லிவிடும். விருப்பச் சார்பு குறைந்தால் அந்த வசதியைச் சத்தமின்றி விட்டுவிட்டு மேலே போய்விடும். இரண்டாவதுதான் ஆபத்தானது. எம்பிவியின் பெரும்பாலான வசதிகளுக்கு இயல்பான அமைப்பு ‘ஆட்டோ’: இருந்தால் சேர்ப்பேன், இல்லாவிட்டால் பரவாயில்லை என்பது அதன் பொருள். ஆகவே உங்களுக்கு வேண்டிய ஒவ்வொரு வசதியையும் ‘எனேபிள்டு’ என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அப்படிக் கேட்ட பிறகு அதற்குரிய லைப்ரரி கிடைக்காவிட்டால் மீசன் அங்கேயே பிழை சொல்லி நிற்கும். அரைகுறை பிளேயர் கையில் கிடைப்பதைவிட அந்தப் பிழை எவ்வளவோ மேல்.

கட்டளைகளைக் கீழே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில், கம்பைல் செய்யத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் பாருங்கள். டெபியன் 13-இன் களஞ்சியத்தில் எம்பிவி 0.40-ஏ இருக்கிறது, எஃப்எஃப்எம்பெக் 7.1-உம் இருக்கிறது. கணினியை மேம்படுத்தும் எண்ணம் உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் இந்த வேலையே தேவையில்லை. பிளாட்பேக் வழியாகவும் புதிய எம்பிவி கிடைக்கும். 12-ஐ விட முடியாது, அல்லது எந்த வசதி உள்ளே போகிறது என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும் என்றால் தொடருங்கள்.

எது பழையது, எது போதும்

எம்பிவி தனித்து நிற்கும் நிரல் அல்ல. எம்பிளேயர், அதன் கிளையான எம்பிளேயர்2 ஆகியவற்றின் வழியில் 2012-இல் பிரிந்து வந்த இது, கோப்பைப் பிரிப்பதையும் டிகோட் செய்வதையும் எஃப்எஃப்எம்பெக்கின் லைப்ரரிகளிடம் விடுகிறது. படத்தைத் திரையில் வரையும் வேலைக்கு லிப்பிளாசிபோ, சப்டைட்டிலுக்கு லிப்ஆஸ். எம்பிவி 0.40 கேட்பது எஃப்எஃப்எம்பெக் 6.1 அல்லது அதற்கு மேல், லிப்பிளாசிபோ 6.338.2 அல்லது அதற்கு மேல், மீசன் 1.3.0 அல்லது அதற்கு மேல். டெபியன் 12-இல் இருப்பதோ எஃப்எஃப்எம்பெக் 5.1, லிப்பிளாசிபோ 4.208, மீசன் 1.0.1. மூன்றுமே போதாது. லிப்ஆஸ் மட்டும் 0.17.1 இருப்பதால் களஞ்சியப் பொதியே போதும். (உபுண்டு 24.04-இல் எஃப்எஃப்எம்பெக் 6.1.1, லிப்பிளாசிபோ 6.338.2, மீசன் 1.3.2 இருப்பதால், அங்கே எம்பிவியை மட்டும் கம்பைல் செய்தால் போதும். கீழே உள்ளதில் பாதி வேலை மிச்சம்.)

ஆக, வரிசை இது: மீசன், எஃப்எஃப்எம்பெக், லிப்பிளாசிபோ, கடைசியில் எம்பிவி.

எங்கே நிறுவுவது

யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் நேராக எதையும் நிறுவாதீர்கள். அது ஆப்ட் கருவியின் எல்லை. அங்கே உங்கள் எஃப்எஃப்எம்பெக் போய் உட்கார்ந்தால் களஞ்சியத்தின் வேறு நிரல்கள் குழம்பும். யூஎஸ்ஆர் லோக்கலும் எனக்குப் பிடித்த இடம் அல்ல. எல்டிகான்ஃபிக் அதையும் தேடும் என்பதால், உங்கள் லைப்ரரிகள் மற்ற நிரல்களின் கண்ணில் படும். ஆப்ட் கோப்புறைக்குள் (ஓ-பி-டி என்று எழுதுவது; மேலே சொன்ன ஏ-பி-டி கருவி அல்ல) தனியாக எம்பிவி என்று ஓர் இடம் ஒதுக்கி, அதன் உரிமையை உங்கள் பயனர் பெயருக்கு மாற்றிவிடுங்கள்:

சூடோ இன்ஸ்டால் -டி -ஓ உங்கள்பயனர்பெயர் /ஆப்ட்/எம்பிவி

இப்படிச் செய்தால், களஞ்சியப் பொதிகளைத் தவிர, நாம் கம்பைல் செய்து நிறுவும் எந்தப் படிக்கும் சூடோ தேவைப்படாது. அது வெறும் வசதிக்காக மட்டுமல்ல. மீசனை பைத்தானின் தனிச் சூழலில் வைக்கப்போகிறோம். சூடோ உங்கள் பாத் மாறியை (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) தன் பாதுகாப்புப் பட்டியலால் மாற்றிவிடும் என்பதால், ‘சூடோ மீசன் இன்ஸ்டால்’ என்றால் ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்று வரும், அல்லது பழைய மீசன் ஓடும்.

கருவிகள்

ஆப்ட் கருவி வழியே பில்ட்-எசென்ஷியல், ஜிட், பிகேஜி-கான்ஃபிக், நாசம் (அசெம்பிளி நிரலைக் கம்பைல் செய்யும் கருவி), பைத்தான்3-வென்வ், பைத்தான்3-டாக்யூடில்ஸ் ஆகியவற்றை நிறுவுங்கள். பிறகு சார்புகளை ஒரே கட்டளையில் இழுக்கலாம்:

சூடோ ஆப்ட் பில்ட்-டெப் எம்பிவி

‘டெப்-எஸ்ஆர்சி வரிகள் இல்லை’ என்று பிழை வந்தால், மென்பொருள் மூலங்களின் பட்டியலில் டெப் என்று தொடங்கும் வரிக்கு இணையாக டெப்-எஸ்ஆர்சி என்று ஒரு வரி சேர்த்து, ஆப்ட் அப்டேட் செய்யுங்கள். இந்தக் கட்டளை 0.35.1-க்கு வேண்டியதைத்தான் நிறுவும். அதனால் பழைய எஃப்எஃப்எம்பெக், லிப்பிளாசிபோ ஆகியவற்றின் ‘-டெவ்’ பொதிகளும் கூடவே வந்துவிடும். லிப்பிளாசிபோ-டெவ், லிப்ஏவிகோடெக்-டெவ், லிப்ஏவிஃபார்மேட்-டெவ், லிப்ஏவியூடில்-டெவ் முதலானவற்றை அகற்றிவிடுங்கள். அவை இருந்தாலும் கோட்பாட்டளவில் நம் லைப்ரரிகளுக்கே முன்னுரிமை கிடைக்கும். ஆனால் பாதை ஒன்றைத் தவறாக எழுதினால் மீசன் பழையதை எடுத்துக்கொள்ளும், தவறு எங்கே என்று தெரியவே நேரமாகும். இல்லாத பொருளைத் தவறி எடுக்க முடியாது.

‘-டெவ்’ பற்றி ஒரு வார்த்தை. ‘லைப்ரரி நிறுவியிருக்கிறேன், ஆனாலும் கிடைக்கவில்லை என்கிறது’ என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். ஓடுவதற்கான லைப்ரரி ஒரு பொதி. கம்பைல் செய்வதற்கான ஹெடர் கோப்புகளும் பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் ‘பிசி’ கோப்பும் வேறு பொதி. டெபியனில் இரண்டாவதன் பெயர் ‘-டெவ்’ என்று முடியும்.

பில்ட்-டெப்போடு நில்லாமல், இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: லிப்டாவ்1டி-டெவ், லிப்ஜிஎன்யூடிஎல்எஸ்28-டெவ், லிப்எக்ஸ்எம்எல்2-டெவ், ஜெட்லிப்1ஜி-டெவ், லிப்விஏ-டெவ், லிப்வல்கன்-டெவ், லிப்ஷேடர்சி-டெவ், லிப்எல்சிஎம்எஸ்2-டெவ், லிப்எக்ஸ்பிரசென்ட்-டெவ், லிப்லுவாஜிட்-5.1-டெவ், லிப்பைப்வயர்-0.3-டெவ், லிப்பல்ஸ்-டெவ், லிப்யூசார்டெட்-டெவ்.

மீசனை பிப் வழியே நேராக நிறுவ முயன்றால், ‘இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று டெபியன் 12 மறுக்கும். அந்தத் தடையை உடைக்கும் கொடியைப் பயன்படுத்த வேண்டாம். பைத்தான்3 -எம் வென்வ் என்று தனிச் சூழல் ஒன்றை வீட்டுக் கோப்புறையில் உருவாக்கி, அதை இயக்கிவிட்டு, பிப் இன்ஸ்டால் மீசன் நிஞ்சா என்று கொடுங்கள். மீசன் --வெர்ஷன் என்று கேட்டு 1.3-க்கு மேல் வருகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

எஃப்எஃப்எம்பெக்

எஃப்எஃப்எம்பெக்கின் ஜிட் களஞ்சியத்திலிருந்து ரிலீஸ்/7.1 என்ற கிளையை --டெப்த் 1 சேர்த்து குளோன் செய்யுங்கள். முழு வரலாறும் தேவையில்லை. உள்ளே போய்:

./கான்ஃபிகர் --பிரிஃபிக்ஸ்=/ஆப்ட்/எம்பிவி --எனேபிள்-ஷேர்டு --டிசேபிள்-ஸ்டேட்டிக் --எனேபிள்-ஆர்பாத் --எனேபிள்-ஜிபிஎல் --எனேபிள்-ஜிஎன்யூடிஎல்எஸ் --எனேபிள்-லிப்டாவ்1டி --எனேபிள்-லிப்எக்ஸ்எம்எல்2 --எனேபிள்-ஜெட்லிப் --எனேபிள்-விஏஏபிஐ --டிசேபிள்-புரோகிராம்ஸ் --டிசேபிள்-டாக் --டிசேபிள்-டீபக்

இதில் ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. எஃப்எஃப்எம்பெக்கிலும் அதே சத்தமில்லாத விடுபடல் உண்டு, வடிவம் மட்டும் சற்று வேறு. டாவ்1டி, ஜிஎன்யூடிஎல்எஸ் போன்ற வெளி லைப்ரரிகள் கணினியில் இருந்தாலும், நீங்கள் கேட்காவிட்டால் அது தொடாது. ஜெட்லிப், விஏஏபிஐ (வன்பொருளில் டிகோட் செய்வதற்கான இடைமுகம்) போன்றவற்றைத் தானே தேடும், கிடைக்காவிட்டால் சொல்லாமல் விடும். பெயர் சொல்லி ‘எனேபிள்’ கொடுத்தால் மட்டுமே, கிடைக்காதபோது பிழை காட்டும்.

டாவ்1டி இல்லாவிட்டால் ஏவி1 காணொளிகள் மென்பொருளில் டிகோட் ஆகாது. எஃப்எஃப்எம்பெக் 7.1-இன் சொந்த ஏவி1 டிகோடர் வன்பொருள் முடுக்கத்தை நம்பியே வேலை செய்கிறது. கிராபிக்ஸ் சிப்பில் ஏவி1 ஆதரவு இல்லாத கணினிகள் இன்னும் ஏராளம். ஜிஎன்யூடிஎல்எஸ் இல்லாவிட்டால் எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் எந்த முகவரியும் திறக்காது, அப்படி ஒரு புரோட்டகாலே கிடைக்கவில்லை என்று செய்தி வரும். எக்ஸ்எம்எல்2 இல்லாவிட்டால் டேஷ் வகை ஸ்ட்ரீம்களைப் பிரிக்கும் பகுதி சேராது. ஜெட்லிப் இல்லாவிட்டால் பிஎன்ஜி படங்கள் திறக்காது. ஆல்பம் அட்டைப்படம் வராமல் போவதில் தொடங்கி, சுருக்கி வைக்கப்பட்ட சப்டைட்டில் தடங்கள் உள்ள எம்கேவி கோப்புகள் வரை அது கடிக்கும். விஏஏபிஐ இங்கே சேரவில்லை என்றால், எம்பிவியில் அதைச் சேர்த்தும் பயனில்லை. டிகோடிங் நடக்கும் இடம் எஃப்எஃப்எம்பெக்தான். என்விடியா அட்டை வைத்திருப்பவர்கள், எஃப்எஃப்எம்பெக் குழுவே பராமரிக்கும் என்வி-கோடெக்-ஹெடர்ஸ் என்ற சிறு களஞ்சியத்தை முதலில் மேக் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

ஜிபிஎல் கொடி எதற்கு என்றால், ஈக்யூ, கிராப்டிடெக்ட் போன்ற சில வடிகட்டிகள் அதில்லாமல் சேர்வதில்லை. கறுப்பு ஓரங்களைத் தானாக வெட்டும் ஆட்டோகிராப் ஸ்கிரிப்ட் ஓடாமல் போவதற்கு இது ஒரு காரணம். எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டும் பட்டியலில் இல்லாதது தற்செயல் அல்ல. அவை என்கோடர்கள். எச்264, எச்இவிசி படங்களைப் பார்ப்பதற்கான டிகோடர்கள் எஃப்எஃப்எம்பெக்கிலேயே இருக்கின்றன. இணையத்தில் சுற்றிவரும் முப்பது ‘எனேபிள்’ கொண்ட கட்டளைகளை நகலெடுப்பவர்கள், பிளேயருக்குத் தேவையே இல்லாத லைப்ரரிகளைத் தேடி அலைகிறார்கள். நான்ஃப்ரீ கொடியும் வேண்டாம். அதைச் சேர்த்துக் கட்டிய நிரலை வேறு ஒருவருக்குக் கொடுக்க உரிமம் இடம் தராது.

‘நாசம் கிடைக்கவில்லை அல்லது மிகப் பழையது’ என்று வந்து, எக்ஸ்86 அசெம்பிளியை முடக்கும் கொடியை அதுவே பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள். அந்தச் செய்தியே அதை முடமான பில்ட் என்றுதான் சொல்கிறது. டிகோடரின் வேகம் பெருமளவு அந்த அசெம்பிளி நிரலில் இருக்கிறது, அது இல்லாவிட்டால் உயர்தரப் படம் திக்கும். நாசம் பொதியை நிறுவி மறுபடி ஓட்டுங்கள். வேறு எந்தப் பிழை வந்தாலும் முழு விவரம் எஃப்எஃப்பில்ட் கோப்புறையில் உள்ள கான்ஃபிக்.லாக் கோப்பின் கடைசிப் பகுதியில் இருக்கும். திரையில் வரும் ஒற்றை வரியை மட்டும் வைத்துத் தேடாதீர்கள்.

பிறகு மேக் -ஜே4, மேக் இன்ஸ்டால். 4 என்பது உங்கள் கோர்களின் எண்ணிக்கை. நடுவில் ‘கில்டு’ என்ற சொல்லோடு சிசி1 நின்றுபோனால் நிரலில் பிழை இல்லை, நினைவகம் போதவில்லை. ஜே எண்ணைக் குறைத்து மறுபடி மேக் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

லிப்பிளாசிபோ

இங்கே பலரும் சிக்குவது ஒரே இடத்தில். கிட்ஹப் தானாகத் தயாரித்துத் தரும் சுருக்கக் கோப்பை இறக்குகிறார்கள், அல்லது வெறும் குளோன் செய்கிறார்கள். லிப்பிளாசிபோ தனக்கு வேண்டிய கிளாட், ஜிஞ்சா, வல்கன் ஹெடர்கள் முதலானவற்றைத் துணைக் களஞ்சியங்களாக வைத்திருக்கிறது. இரண்டு வழிகளிலும் அவை வராது, கட்டமைப்பில் கிளாட் இல்லை, ஜிஞ்சா இல்லை என்று பிழை வரும். குளோன் கட்டளையோடு --ரிகர்சிவ் சேருங்கள். மறந்திருந்தால் ஜிட் சப்மாட்யூல் அப்டேட் --இனிட் என்று கொடுத்தால் போதும். டேக் வி7.349.0 எடுத்துக்கொள்ளுங்கள்.

மீசன் செட்டப் பில்ட் --பிரிஃபிக்ஸ்=/ஆப்ட்/எம்பிவி --லிப்டிர்=லிப் -டிவல்கன்=எனேபிள்டு -டிஷேடர்சி=எனேபிள்டு -டிஎல்சிஎம்எஸ்=எனேபிள்டு -டிஓபன்ஜிஎல்=எனேபிள்டு -டிடெமோஸ்=ஃபால்ஸ்

(ஒட்டியிருக்கும் ‘-டி’ பெரிய எழுத்தில் வர வேண்டும்.) பிறகு மீசன் கம்பைல் -சி பில்ட், மீசன் இன்ஸ்டால் -சி பில்ட். இந்த ‘-சி’-யும் பெரிய எழுத்து.

லிப்டிர் தேர்வைக் கட்டாயம் எழுதுங்கள். டெபியனில் மீசன் இயல்பாக லைப்ரரிகளை லிப் கோப்புறைக்கு உள்ளே எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூ என்ற துணைக் கோப்புறையில் வைக்கும். எஃப்எஃப்எம்பெக்கோ நேராக லிப்பில் வைக்கும். இரண்டும் இரண்டு இடத்தில் இருந்தால் அடுத்த படியில் ஒன்று கிடைக்கும், மற்றொன்று கிடைக்காது.

ஷேடர்சி, அல்லது அதன் மாற்றான ஜிஎல்எஸ்லாங், இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகம் வழியாகப் படம் வரைய முடியாது. ஓபன்ஜிஎல் மட்டும் வேலை செய்யும்.

எம்பிவி

டேக் வி0.40.0-ஐ குளோன் செய்து உள்ளே போங்கள். பழைய கையேடுகளில் வாஃப் என்ற கருவியை வைத்து எழுதியிருப்பார்கள். 2023-இல் அது நீக்கப்பட்டுவிட்டது, இப்போது மீசன் மட்டுமே. முதலில் இரண்டு சூழல் மாறிகள்:

எக்ஸ்போர்ட் பிகேஜி_கான்ஃபிக்_பாத்=/ஆப்ட்/எம்பிவி/லிப்/பிகேஜிகான்ஃபிக்
எக்ஸ்போர்ட் எல்டிஃபிளாக்ஸ்=-டபிள்யூஎல்,-ஆர்பாத்,/ஆப்ட்/எம்பிவி/லிப்

(மாறிகளின் பெயர்கள் முழுக்கப் பெரிய எழுத்து. டபிள்யூஎல் என்பதில் டபிள்யூ மட்டும் பெரியது.) முதலாவது, கம்பைல் நேரத்தில் நம் லைப்ரரிகளைக் காட்டுவது. இரண்டாவது, ஓடும் நேரத்தில் அவற்றை எங்கே தேட வேண்டும் என்பதை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது. எஃப்எஃப்எம்பெக்கில் எனேபிள்-ஆர்பாத் கொடுத்ததும் அதே காரணத்துக்காக. லிப்ஏவிகோடெக்குக்கு லிப்ஏவியூடில் வேண்டும், எம்பிவிக்குள் எழுதிய பாதையை அது நம்பியிருக்கக் கூடாது. இதைச் செய்யாதவர்கள், பகிர்வு லைப்ரரியைத் திறக்க முடியவில்லை என்ற செய்தியைப் பார்த்து, எல்டி_லைப்ரரி_பாத் மாறியை நிரந்தரமாகப் போட்டுவைப்பார்கள். அது எல்லா நிரல்களையும் பாதிக்கும்.

மீசன் செட்டப் பில்ட் --பிரிஃபிக்ஸ்=/ஆப்ட்/எம்பிவி --லிப்டிர்=லிப் -டிலுவா=எனேபிள்டு -டிலிப்எம்பிவி=ட்ரூ -டிவல்கன்=எனேபிள்டு -டிஎக்ஸ்11=எனேபிள்டு -டிவேலண்ட்=எனேபிள்டு -டிவிஏஏபிஐ=எனேபிள்டு -டிபைப்வயர்=எனேபிள்டு -டிபல்ஸ்=எனேபிள்டு -டியூசார்டெட்=எனேபிள்டு -டிமேன்பேஜ்-பில்ட்=எனேபிள்டு

உங்கள் 0.36-இல் பட்டன்கள் வராததற்கும் யூடியூப் ஓடாததற்கும் விடை லுவா. திரையில் வரும் கட்டுப்பாட்டுப் பட்டை சி நிரலில் எழுதப்பட்டதல்ல, எம்பிவியோடு வரும் ஒரு லுவா ஸ்கிரிப்ட். ஐ விசையை அழுத்தினால் வரும் புள்ளிவிவரப் பலகையும் அப்படியே. யூடியூப் முகவரியை ஒய்டி-டிஎல்பியிடம் கொடுத்து உண்மையான ஸ்ட்ரீமை வாங்கிவரும் கொக்கியும் லுவாதான். லுவா சேராவிட்டால் மூன்றும் ஒருசேரப் போகும். இதில் ஒரு கண்ணி உண்டு: எம்பிவி ஏற்பது லுவா 5.1, 5.2, லுவாஜிட் மட்டுமே. 5.3, 5.4 ஏற்காது. புதியதுதானே நல்லது என்று 5.4-இன் டெவ் பொதியை நிறுவியிருப்பீர்கள், மீசன் அதை மதிக்காமல் லுவா இல்லை என்று குறித்துக்கொண்டு போயிருக்கும். லுவாஜிட் நிறுவுங்கள், வேகமும் கூடுதல். யூடியூபுக்கு இன்னொன்றும் உண்டு: டெபியன் 12-இன் களஞ்சியத்தில் உள்ள ஒய்டி-டிஎல்பி பழையது, தளம் மாறமாறப் பழைய பதிப்பு முறியும். அதன் புதிய வெளியீட்டைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்11 (வேலண்ட் போலத் திரைச் சாளரங்களைக் கையாளும் அமைப்பு) விஷயத்தில், தேவையான ஐந்து லைப்ரரிகளில் ஒன்று குறைந்தாலும் எக்ஸ்11 ஆதரவு முழுவதுமே போய்விடும். மறக்கப்படுவது பெரும்பாலும் லிப்எக்ஸ்பிரசென்ட்-டெவ். ஒலிக்கு பைப்வயர், பல்ஸ், ஆல்சா மூன்றில் எதுவும் சேராவிட்டாலும் கம்பைல் வெற்றிகரமாகவே முடியும். பிறகு படம் ஓடும், ஒலி வராது. வேலண்ட் பயன்படுத்தாதவர்கள் அந்தத் தேர்வை நீக்கிவிடலாம். செல்லுலாய்டு, ஹருனா போன்ற வரைகலை முகப்புகளுக்கு லிப்எம்பிவி வேண்டும், அதனால்தான் அதை ட்ரூ என்று எழுதியிருக்கிறேன்.

கட்டமைப்பு முடிந்ததும், கம்பைலுக்கு அவசரப்படாமல் திரையை மேலே உருட்டிப் படியுங்கள். எஃப்எஃப்எம்பெக் லைப்ரரிகளுக்கு எதிரே என்ன பதிப்பு எண் வந்திருக்கிறது? லிப்ஏவிகோடெக் 61-இல் தொடங்க வேண்டும், அதுதான் எஃப்எஃப்எம்பெக் 7-இன் எண். 59 என்றால் டெபியனின் 5.1. லிப்பிளாசிபோவுக்கு எதிரே 7.349 வர வேண்டும். ‘4.208.0 கிடைத்தது, 6.338.2 தேவை’ என்று வந்தால் பாதை மாறி மீசனைச் சேரவில்லை.

இங்கே பலரைத் திணறடிக்கும் ஒரு நடத்தையைச் சொல்லியாக வேண்டும். பிகேஜி_கான்ஃபிக்_பாத், எல்டிஃபிளாக்ஸ் போன்ற மாறிகளை மீசன் முதல் கட்டமைப்பின்போது மட்டுமே படித்து, பில்ட் கோப்புறைக்குள் சேமித்துக்கொள்ளும். நீங்கள் பிறகு மாறியைச் சரிசெய்து மறுபடி ஓட்டினாலும் பழைய மதிப்பையே பயன்படுத்தும். தேடிக் கண்டுபிடித்த லைப்ரரிகளின் விவரத்தையும் நினைவில் வைத்திருக்கும். ‘எல்லாம் சரியாக வைத்தும் அதே பிழை’ என்றால் பில்ட் கோப்புறையை அழித்துவிட்டு செட்டப்பை முதலிலிருந்து ஓட்டுங்கள். கம்பைல் முழுதும் மறுபடி ஓட வேண்டியிருந்தாலும், எம்பிவி எஃப்எஃப்எம்பெக் அளவுக்குப் பெரியதல்ல. மீசனின் முழுப் பதிவு பில்ட் கோப்புறைக்குள் மீசன்-லாக்ஸ் என்ற இடத்தில் இருக்கும். எந்த லைப்ரரிக்கு எந்தக் கட்டளையை ஓட்டி என்ன விடை பெற்றது என்பது அதில் வரிவரியாக இருக்கும்.

எல்லாம் சரியென்றால் மீசன் கம்பைல் -சி பில்ட், மீசன் இன்ஸ்டால் -சி பில்ட்.

நிறுவிய பின் சரிபார்த்தல்

எல்டிடி /ஆப்ட்/எம்பிவி/பின்/எம்பிவி என்று ஓட்டி, லிப்ஏவிகோடெக், லிப்பிளாசிபோ வரிகள் ஆப்ட் கோப்புறையைச் சுட்டுகின்றனவா என்று பாருங்கள். எம்பிவி தொடங்கும்போது ‘கம்பைல் செய்த எஃப்எஃப்எம்பெக்கும் இப்போது இணைந்திருப்பதும் வேறு’ என்ற பொருளில் எச்சரித்தால், ஹெடர் ஒரு பதிப்பிலிருந்தும் லைப்ரரி வேறு பதிப்பிலிருந்தும் வந்திருக்கின்றன. ஓடுகிறதே என்று விடாதீர்கள், எந்தக் கோப்பில் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

எம்பிவி -வி என்று ஏதாவது ஒரு கோப்பைத் திறந்தால், தொடக்க வரிகளில் சேர்க்கப்பட்ட வசதிகளின் பட்டியல் வரும். --விஓ=ஹெல்ப், --ஏஓ=ஹெல்ப், --எச்டபிள்யூடெக்=ஹெல்ப் மூன்றும் முறையே பட வெளியீடு, ஒலி வெளியீடு, வன்பொருள் டிகோடிங் வகைகளைக் காட்டும். எம்பிவி இயல்பாக மென்பொருளில்தான் டிகோட் செய்யும், எச்டபிள்யூடெக்=ஆட்டோ என்று அமைப்புக் கோப்பில் எழுதினால்தான் வன்பொருளுக்குப் போகும். சிபியூ சூடாகிறது என்பதை வைத்து விஏஏபிஐ சேரவில்லை என்று முடிவுசெய்துவிடாதீர்கள். ஐ விசையை அழுத்தினால் எந்த டிகோடர் ஓடுகிறது என்று பலகையிலேயே தெரியும்.

யூஎஸ்ஆர் லோக்கலின் பின் கோப்புறையிலிருந்து ஒரு சிம்லிங்க் போட்டால் எம்பிவி என்று தட்டினாலே புதியது வரும். பயன்பாட்டுப் பட்டியலில் தெரிய, ஷேர்/அப்ளிகேஷன்ஸ் கோப்புறையில் உள்ள டெஸ்க்டாப் கோப்பை உங்கள் வீட்டுக் கோப்புறையின் .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் இடத்துக்கு நகலெடுங்கள். ஈடிசி கோப்புறையில் எம்பிவிக்கான பொது அமைப்பு ஏதாவது வைத்திருந்தால் இந்தப் பில்ட் அதைப் படிக்காது, ஆப்ட்/எம்பிவிக்கு உள்ளே இருக்கும் ஈடிசியைத்தான் பார்க்கும். வீட்டுக் கோப்புறையில் உள்ள சொந்த அமைப்பு வழக்கம்போல வேலை செய்யும்.

தமிழ் சப்டைட்டில்

தமிழில் சப்டைட்டில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது லிப்ஆஸ். ‘கொ’ என்ற எழுத்து யூனிகோடில் ககரமும் அதை அடுத்து ஒகரக் குறியும் எனச் சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். இந்தக் கோர்ப்பு வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் லைப்ரரி. லிப்ஆஸின் மிகப் பழைய பதிப்புகளை அது இல்லாமலும் கட்ட முடிந்தது. இன்றைய பதிப்புகளில் அது கட்டாயம் என்பதால் டெபியன் பொதியில் கவலையில்லை. ஆனால் வேகத்துக்காக என்று யாரோ எழுதிய அமைப்புக் கோப்பை நகலெடுத்து, ஷேப்பர் தேர்வை ‘சிம்பிள்’ என்று வைத்திருந்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதை ‘காம்ப்ளெக்ஸ்’ ஆக்குங்கள்.

எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை. எஃப்சி-லிஸ்ட் :லேங்=டிஏ என்று கேட்டால் தமிழ் உள்ள எழுத்துருக்கள் வரும். வெறுமையாக இருந்தால் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் அல்லது ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் பொதியை நிறுவுங்கள்.

லத்தீன் எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பையாக வந்தால், அது பழைய குறியாக்கத்தில் உள்ள கோப்பு. தானாகக் கண்டறிய உதவும் யூசார்டெட் தமிழின் பழைய குறியாக்கங்களை அறியாது. கோப்பு டிஸ்கி என்றால் ஜிலிப்சியின் ஐகான்வ் அதை அறியும்: ஐகான்வ் -எஃப் டிஸ்கி -டி யூடிஎஃப்-8 என்று மாற்றி, புதிய கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். டாப், டாம் போன்றவற்றை ஐகான்வ் மாற்றாது, அவற்றுக்குத் தனிக் குறிமாற்றி வேண்டும்.

சுருக்கு வழி

இவ்வளவையும் கையால் செய்ய வேண்டாம் என்பவர்களுக்கு எம்பிவி குழுவே எம்பிவி-பில்ட் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பைத் தருகிறது. எஃப்எஃப்எம்பெக், லிப்ஆஸ், லிப்பிளாசிபோ மூன்றையும் இறக்கி, ஸ்டேட்டிக்காகக் கட்டி, எம்பிவிக்குள் இணைத்துவிடும். ரீபில்ட் என்ற ஒரே ஸ்கிரிப்ட், பிறகு இன்ஸ்டால். மேலே சொன்ன மீசன், நாசம், டெவ் பொதிகள் அங்கேயும் தேவை. கவனிக்க வேண்டியது இரண்டு. யூஸ்-எம்பிவி-ரிலீஸ், யூஸ்-எஃப்எஃப்எம்பெக்-ரிலீஸ் போன்ற ஸ்கிரிப்ட்களை முதலில் ஓட்டாவிட்டால் அது வளர்ச்சிக் கிளையை எடுக்கும். இன்னொன்று, லுவாவையும் டாவ்1டியையும் அங்கேயும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எம்பிவி_ஆப்ஷன்ஸ், எஃப்எஃப்எம்பெக்_ஆப்ஷன்ஸ் என்ற இரு கோப்புகளில் வரிக்கு ஒரு தேர்வாக எழுதிவையுங்கள். ஒரே கணினிக்கு ஒரே பிளேயர் என்றால் இது போதும். முகப்பு நிரல்களுக்கும் லிப்எம்பிவி வேண்டும், எஃப்எஃப்எம்பெக்கை மட்டும் தனியாகப் புதுப்பிக்க வேண்டும் என்றால் மேலே சொன்ன வழிதான் வசதி.

அந்தப் புதுப்பித்தல் உங்கள் பொறுப்பு. களஞ்சியப் பொதிக்கு டெபியனின் பாதுகாப்புக் குழு ஒட்டுகளைத் தரும், ஆப்ட்/எம்பிவியில் இருக்கும் எஃப்எஃப்எம்பெக்குக்குத் தராது. இணையத்திலிருந்து வரும் கோப்புகளைப் பிரிக்கும் நிரல் என்பதால் அதில் பாதுகாப்புத் திருத்தங்கள் அடிக்கடி வரும். ரிலீஸ்/7.1 கிளையில் புதிய வெளியீடு வரும்போது ஜிட் புல், மேக், மேக் இன்ஸ்டால் மட்டும் போதும். 7.1 வரிசைக்குள் லைப்ரரியின் முதன்மை எண் 61 மாறாது என்பதால் எம்பிவியை மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம். எஃப்எஃப்எம்பெக் 8-க்குத் தாவினால் அந்த எண் 62 ஆகும், அப்போது எம்பிவியின் பில்ட் கோப்புறையை அழித்துவிட்டு முழுதாகக் கட்ட வேண்டும். எல்லாம் வேண்டாம் என்று தோன்றினால் ஆப்ட்/எம்பிவி கோப்புறை, சிம்லிங்க், டெஸ்க்டாப் கோப்பு மூன்றையும் நீக்குங்கள். களஞ்சியப் பொதிகளையும் வீட்டுக் கோப்புறையில் உள்ள மீசன் சூழலையும் தவிர, கணினியில் வேறெதையும் நாம் தொடவில்லை. ஆப்ட் இன்ஸ்டால் எம்பிவி என்றால் 0.35.1 பழையபடி வந்துவிடும்.